வலி என்னும் காட்சி

அடிவயிறு வலிக்கிறது என்பதைப் பெண் ஊகித்து அறிவதில்லை, நேராகவே அறிகிறாள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் இதைத் தன்வேதனைக் காட்சி என்கிறது. பொறிகளால் அறிவதைப் போலவே, உயிர் தன் இன்பதுன்பத்தை அறிவதும் அந்நூலில் காட்சி அளவைதான், அதாவது நேராக அறியும் வழிதான். ஆகவே வலி உண்டா என்பது சைவ சித்தாந்தத்தில் வழக்கே அல்ல. ஏன் வலிக்கிறது என்பதைத் தன்வேதனை சொல்லாது; அதற்குக் கருதல் அளவை, அதாவது அனுமானம் வேண்டும். வினைக் கொள்கையை இங்கே இழுப்பவர்கள் உண்டு. துன்பம் ஏன் வந்தது என்பதற்கு அது விடை சொல்லலாம். எந்த உறுப்பில் என்பதற்குச் சொல்லாது.

ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருப்பதுதான் அனுமானத்தின் சிரமம். இயல்பற்ற கருப்பை இரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம்: கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதிசெய்தபின் அதற்கு இருக்கக்கூடிய காரணங்களை, பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் ஒன்பதாக வகுத்தது. பாலிப், அடினோமயோசிஸ், நார்க்கட்டி, புற்றுநோய் ஆகியவை ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ உருவமாகத் தெரிபவை. இரத்தம் உறைவதில் கோளாறு, சினைமுட்டை வெளிவருவதில் கோளாறு, கருப்பை உட்சவ்வின் கோளாறு, மருந்தாலோ காப்பர்-டி போன்ற சாதனத்தாலோ வருவது ஆகியவை அப்படித் தெரியாதவை. ஒன்பதாவது, இன்னும் வகைப்படாதவை. தன் பட்டியலிலேயே அறியாமைக்கும் ஓர் இடம் ஒதுக்கிய நேர்மை மெச்சத்தக்கது.

‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற இடத்தில்தான் தர்க்கம் சறுக்குகிறது. பரிசோதனை முடிவு தாமதமின்றி நோயாளிக்குக் கிடைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ பிளேனோவிலோ வாழும் தமிழ்ப்பெண், மருத்துவர் பேசுமுன்பே செல்பேசியில் அந்த வரியைப் படித்து, தன் வலியைத் தானே சந்தேகிக்க நேரலாம். இன்மையை அறிவதற்குக் குமாரில பட்டரின் மீமாம்சைத் தத்துவம் ஒரு நிபந்தனை வைத்தது: இருந்தால் தென்பட்டே தீரும் என்ற நிலையில் தென்படாவிட்டால்தான் ஒரு பொருள் இல்லை எனலாம். வெளிச்சத்தில் குடம் காணப்படாவிட்டால் அங்கே குடமில்லை. இருட்டறையில் அப்படிச் சொல்ல முடியாது. கருப்பை உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பல நேரம் இருட்டறைக் குடம். வயிற்றறை உறைமேல் மெலிதாகப் படிந்த திட்டுகளை ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடுகிறது. திட்டின் அளவை வைத்து வலியின் அளவைச் சொல்லவும் முடியாது.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் பத்மா லட்சுமிக்கு 13 வயதில் இந்த நோயின் வலி தொடங்கியது. நோயின் பெயர் தெரிந்தது 36 வயதில். 2009இல் அவர் மருத்துவர் டாமர் செச்கினுடன் சேர்ந்து அமெரிக்க எண்டோமெட்ரியோசிஸ் அறக்கட்டளையை நிறுவினார்.

ஆகமத்தை மனத்தில் வைத்துச் சித்தாந்தம் வகுத்த உரை அளவையை, அதாவது சொல்லின் வழியே அறிவதை, இங்கே சற்று நீட்டலாம்: பெண்ணுக்குக் காட்சியாக இருக்கும் வலி, மருத்துவருக்கு உரையாகவே வந்து சேர்கிறது. அந்த உரையைத் தள்ளிவிட்டால் அனுமானத்துக்கு ஏதுவே இல்லை. மருத்துவமும் இதை ஏற்கத் தொடங்கியிருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்ய, வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும் என்ற பழைய நிலையை, ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி கைவிட்டது. ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதும், பெண் சொல்லும் அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்க அது இடமளிக்கிறது.