ஓடாத மைல்கள்

ஒரு பொருள் எப்போது நம்முடையதாகிறது? பணத்தைக் கட்டி, பில்லை வாங்கிய அந்த நிமிடமே என்றுதான் பி.காம். வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சிகாகோவில் ஒரு கார் ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அந்தப் பாடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஷெட் என் பெரியப்பா மகனுடையது. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒரு ஓரமாக, போர்வை போர்த்திக்கொண்டு ஒரு குட்டி சிவப்பு கார் நின்றது. மாஸ்டா மியாட்டா, 1990 மாடல். இரண்டே பேர் உட்காரலாம். மேல் கூரையைக் கையாலேயே மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி வரும்.

இந்தக் காரை உலகத்துக்கு முதன்முதலில் காட்டியதே சிகாகோ மோட்டார் ஷோவில்தான். 1989 பிப்ரவரியில். எஞ்சின் 1.6 லிட்டர். அமெரிக்க ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கு முன்னால் பொடியன். ஆனால் விஷயம் எஞ்சினில் இல்லை, எடையில் இருக்கிறது. மொத்தக் காரும் ஒரு டன்னுக்குக் குறைவு. கனம் குறைந்தால் கிளம்புவது சுலபம், நிற்பது சுலபம், திரும்புவதும் சுலபம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினாலே மனசு குதிக்கும். இதற்கு அந்த ஜப்பானியர்கள் வைத்திருக்கும் வார்த்தை 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாகிவிடுவது என்று அர்த்தம்.

நம் குதிரை லாயத்தை விட்டு வெளியே வந்தால்தானே?

''ஒரு ரவுண்டு போலாமாண்ணா?'' என்றேன்.

''வேணாம்டா. மைல் ஏறிடும். கம்மியா ஓடின வண்டிக்குத்தான் நல்ல விலை.''

வாங்கி இருபது வருடமாகிறது. குளிர்காலத்தில் வெளியே எடுக்க மாட்டார். பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புப் போடுவார்கள், துருப்பிடிக்கும். கோடையில் பெயிண்ட் மங்கும். மழை என்றால் கேட்கவே வேண்டாம். மாதம் ஒரு தடவை மெக்கானிக் வந்து தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கணக்குப் பார்த்தால் அண்ணனைவிட அவர்தான் அதிகம் ஓட்டியிருப்பார்.

வியாபாரக் கணக்கில் அண்ணன் சொல்வது சரிதான். ஓட்டும் ஒவ்வொரு மைலும் விலையைக் கொஞ்சம் தின்னும். சரி, ஓட்டாமல் சேர்த்து வைத்த மைல்களெல்லாம் யாருக்கு? நாளைக்கு அதை வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்கு. அவர் மட்டும் ஓட்டிவிடுவாரா? குறைவாக ஓடிய வண்டி என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்தவர் ஆயிற்றே! அவரும் போர்வை போர்த்தி அடுத்தவருக்காகக் காப்பாற்றுவார். சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும் பார்ப்பது வாட்ச்மேன் வேலை!

சுமார் இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதைச் செருப்பை வைத்துச் சொன்னார். செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளலாம்; அதைக் கொடுத்து வேறு ஏதாவது வாங்கவும் செய்யலாம். இரண்டுமே உபயோகம்தான். ஆனால் செருப்பு பிறந்தது முதல் உபயோகத்துக்காக. தேய்ந்துபோகுமே என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் நடக்கிறவரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு நம் வீட்டு பீரோவைத் திறந்து பார்ப்போம். கட்டாமலே ஜரிகை கறுத்துப்போன பட்டுப்புடவை ஒன்றாவது இருக்கும்.

நீங்கள் கேட்கலாம்: ''ஆளாளுக்கு ஓட்டித் தேய்த்துவிட்டால் வருங்காலத்தில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?'' நியாயமான கேள்வி. சில கார்களைத் தொடாமல் வைக்கத்தான் வேண்டும். அது மியூசியத்தின் வேலை. ஆனால் மியாட்டா அபூர்வ வண்டி இல்லை. 2016-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. தவிர, ஓட்டாமல் வைத்தால் கெடாது என்பதும் பாதிதான் உண்மை. நின்ற இடத்திலேயே பேட்டரி செத்துப்போகும், பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் இறுகி வெடிக்கும். தேய்ந்த வண்டிக்காவது வழி உண்டு. அந்த முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் மாஸ்டா நிறுவனமே 2017-ல் அறிவித்தது.

ஆனால் ஓட்டுகிற ஆளைப் புதுப்பித்துத் தருவதாக யாரும் அறிவிக்கவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், அண்ணனுக்கே என்ன தோன்றியதோ, ''வா'' என்று ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். போர்வையை எடுத்தார். அந்தக் காரின் சீட் தரையை ஒட்டி இருக்கும். நன்றாகக் குனிந்து, காலை மடக்கி உள்ளே சரிய வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தார். நின்றார். மறுபடி முயன்றார்.

''முட்டி மடங்க மாட்டேங்குதுடா.''

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று நின்றது. அவர்தான் இருபது வருடம் ஓடிவிட்டிருந்தார். மின்விசிறிக்கும் நாற்காலிக்கும்கூட வருடா வருடம் தேய்மானக் கணக்கு எழுதுகிறோம். முதலாளியின் முட்டிக்கு அந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

சாவியை என் கையில் கொடுத்தார். ''நீயாவது போயிட்டு வா.''

பக்கத்து சீட்டில் உட்காரவும் அதே மாதிரி குனிய வேண்டும். அதனால் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் கூரையை மடித்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு மணி நேரம் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் அவர் வாசலில்தான் நின்றிருந்தார். எத்தனை மைல் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார் என நினைத்தேன். மீட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

''எப்படிடா இருந்தது?'' என்று கேட்டார்.

இருபது வருடமாகக் காரை வைத்திருப்பவர், ஒரு மணி நேரம் ஓட்டியவனிடம் கேட்கிறார். பில் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள், அந்தக் கார் யாருடையது?