மலையேற்றமும் ஆணவமும்

மதுரை மாவட்டப் பேரையூர் வட்டத்தின் சாப்டூர் மலைக்காட்டில் அமைந்த சதுரகிரி சுந்தரமகாலிங்கத்தை வணங்க, ஆடி அமாவாசையை ஒட்டிப் பெருந்திரளானோர் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து கல்லும் ஓடையுமான பாதையில் மணிக்கணக்கில் ஏறுவது, உடல் வருத்தம் தன்னளவிலேயே அருளுக்கு வழியாகுமா என்னும் வினாவை எழுப்புகிறது. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என வகுத்த நான்கு நெறிகளுள், உடலால் செய்யும் தொண்டாகிய சரியையே முதற்படி. ஆகவே அங்கு உடல் பகையன்று, பக்குவத்தின் கருவி. ஆயினும், உயிரின் அறிவை மறைக்கும் மலமாகிய ஆணவம், சிகரத்தை எட்டிய பெருமிதத்தையும் தனக்கு உணவாக்கிக்கொள்ளக்கூடும்.

ஜப்பானின் ஹியெய் மலையில் டெண்டாய் பௌத்தத் துறவியர் ஏழாண்டுகளில் பகுதி பகுதியாக ஆயிரம் நாள் மேற்கொள்ளும் நடைநோன்பில், இறுதியாண்டில் 100 நாள் நாள்தோறும் ஏறத்தாழ 84 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருப்பினும், வழிநெடுகப் பல இடங்களில் நின்று வழிபடுவதே நோன்பின் உட்பொருள். தொலைவு அதன் புறவடிவமே. இவ்விரு மரபுகளையும் ஒருங்கே நோக்கின், களைப்பு தானாக எவரையும் தூய்மைப்படுத்துவதில்லை என்பதும், தம் வலிமையின் எல்லையை உணர்ந்தவர் அவ்வுணர்வைப் பணிவாக மாற்றிக்கொள்ளும்போதே நடை வழிபாடாகிறது என்பதும் புலனாகும்.