டியூஷன் வைத்தால் கடமை தீர்ந்ததா?

பிள்ளை பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கி வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு "நல்ல டியூஷனாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்" என்பதுதான். ஏற்கெனவே டியூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையாக இருந்தால், "அந்த வாத்தியார் சரியில்லை, வேறு இடம் பார்ப்போம்" என்கிறோம். பிள்ளைக்கு எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்னும் கேள்வி இடையில் எழுவதே இல்லை. பிள்ளைகளின் கல்வி நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நாம் பேசுகிறோம். அந்த அமானிதத்தை மாதக் கட்டணம் கட்டி இன்னொருவர் கையில் மாற்றி விட முடியுமா? இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டின் கிராமப்புறங்களில் நடத்தப்படும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் பணம் கொடுத்து டியூஷன் படித்தோர் 2018-இல் 100க்கு 26.4 பேர். 2022-இல் அது 30.5 ஆக உயர்ந்தது. அதே காலத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கக் கூடியவர்கள் 50.5-லிருந்து 42.8-ஆகக் குறைந்தனர். டியூஷனால்தான் குறைந்தது என்று சொல்வது அநீதி. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததே பெருங்காரணம். ஆயினும், டியூஷன் பெருகினால் படிப்பும் தானே பெருகிவிடும் என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் தனியே கற்பிப்பதில் பலனே இல்லையா? உண்டு. 1984-இல் பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவரை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பாடம் பிடிபட்டதைச் சோதித்து அறிந்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போனால், சாதாரண மாணவரும் வகுப்பின் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார் என்று அதில் காட்டினார். பின்னால் நடந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை என்றாலும், பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை.

ஆனால் நாம் வாங்குவது அந்தச் சரக்கா? ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையிலோ மாடி அறையிலோ முப்பது நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் பள்ளியில் நடந்த பாடமே மாலையில் மறுபடி நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய நோய் நாலாம் வகுப்பில் இருக்கிறது. மருந்தோ எட்டாம் வகுப்புப் பாடத்துக்குக் கொடுக்கப்படுகிறது. பள்ளியில் ஒரு முறை புரியாததை மாலையில் இன்னொரு முறை புரியாமல் கேட்டுவிட்டு அவன் வீடு திரும்புகிறான்.

இன்னொன்றும் உண்டு. கேட்பது வேறு, கற்பது வேறு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு சாரார் ஒரு பாடத்தை நான்கு தவணை திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று தவணையும் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலை தலைகீழாயிற்று. அவர்கள் 100க்கு 40 பங்கையே நினைவில் வைத்திருந்தார்கள். பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ 61 பங்கை வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகம் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கு இது புதிய செய்தி அன்று. ஹிஃப்ளு மத்ரஸாவில் பிள்ளை எப்படி ஓதுகிறது? உஸ்தாது ஓதுவதைக் கேட்டுக்கொண்டே இருந்து எவரும் ஹாஃபிழ் ஆனதில்லை. பிள்ளை தானே மனனம் செய்து, கிதாபைப் பாராமல் உஸ்தாதிடம் பாடம் கொடுக்க வேண்டும். பழைய பாடத்தையும் விடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறிய இடத்தில் உஸ்தாது நிறுத்துகிறார், திருத்துகிறார். மனனம் செய்யும் வேலையை மட்டும் அவர் செய்து கொடுப்பதில்லை. இவ்வளவு தெளிவாக இதை அறிந்த நாம், பள்ளிப் படிப்பு என்றவுடன் மட்டும், யாரோ சொல்லக் கேட்டால் போதும் என்று எண்ணுவது விந்தையே.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, ஓதிவிட்டு, மஃரிபுக்குப் பிறகு டியூஷனுக்குப் போய் ஒன்பது மணிக்குத் திரும்பினால், தானே உட்கார்ந்து படிக்க எந்த நேரம் மீதி? விளையாட்டு போயிற்று, வீட்டாருடன் பேச்சும் போயிற்று. கடைசியில் தூக்கமும் குறைகிறது. தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் படித்தது தங்குவதில்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. தம் வகுப்பு மாணவர்களையே மாலையில் காசுக்குச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, வகுப்பில் பாதியைச் சொல்லி மீதியை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் சபலம் எழக் கூடும். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனியே டியூஷன் நடத்தக் கூடாது என்றே விதித்திருக்கிறது. சம்பளம் வாங்கிய வேலையில் குறை வைத்து, அந்தக் குறையையே விற்பது எந்த நியாயத்திலும் அடங்காது. இதில் முதலில் அடிபடுபவன், கட்டணம் கட்ட வழியில்லாத ஏழையின் பிள்ளை.

சட்டத்தால் மட்டும் இது தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. தென் கொரியாவில் 1980-இல் அரசாங்கம் தனிப் பயிற்சியைத் தடை செய்தது. வசதி படைத்தவர்கள் மறைவில் நடத்திக்கொண்டார்கள். 2000-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றமே அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. எல்லாப் பெற்றோரும் தம் பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையை முந்த வேண்டும் என்று ஓடும்போது, எல்லாருக்கும் செலவு கூடுகிறது. கல்லூரியில் இருக்கும் இடங்களோ அதே எண்ணிக்கைதான்.

எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரியது ஒன்று உண்டு. "உனக்காக இவ்வளவு செலவழித்தேனே, இந்த மார்க்கா வாங்கினாய்?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கிறோம். குடும்பத்தை விட்டுச் சவூதியிலும் துபாயிலும் வியர்வை சிந்தும் தகப்பன், தொலைபேசியில் மகனிடம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகி விடுகிறது. அன்போடு செய்த செலவு, பிள்ளையின் தலையில் கடனாக ஏறுகிறது. புரியவில்லை என்று வாய் திறந்து சொல்லவே அவனுக்குத் துணிவு அற்றுப் போகிறது. புரியவில்லை என்று சொல்லத் துணியாத பிள்ளைக்கு எந்த ஆசிரியரால் உதவ முடியும்?

"நாங்கள் படிக்காதவர்கள், வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "புத்தகத்தை மூடிவிட்டு, இன்று படித்ததை எனக்குச் சொல்" என்று கேட்கப் பட்டம் தேவையில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது படிக்காத தாய்க்கும் தெரியும். தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டு வரச் சொல்லலாம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அந்த ஒரு மணி நேரம் நாமும் அணைத்து வைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் டியூஷன் தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. நெடுநாள் நோயில் கிடந்தவன், பள்ளி மாறி வந்தவன், அடிப்படையிலேயே பின்தங்கியவன் ஆகியோருக்குத் தயங்காமல் வைக்க வேண்டும். ஆனால் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் கேளுங்கள்: இவனுக்கு எது வரவில்லை? அதை எத்தனை மாதத்தில் சரி செய்வீர்கள்? எத்தனை பிள்ளைகளோடு உட்கார வைப்பீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்பவரிடம் அனுப்புங்கள். குறை தீர்ந்ததும் நிறுத்துங்கள். நம் ஊர்களில் படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வசதியற்ற பிள்ளைகளை நாலைந்து பேராக உட்கார வைத்துக் கற்பித்தால் அதைவிடச் சிறந்த தர்மம் வேறென்ன இருக்கிறது?

ஆசிரியருக்குக் கூலி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பிள்ளை தானே முயல்வதற்கும், நாம் அதன் அருகில் இருப்பதற்கும் ஆள் வைக்க முடியாது. இன்றிரவே பிள்ளையை அருகில் அழைத்து, மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "உனக்கு எது புரியவில்லை?" என்று கேட்டுப் பார்ப்போமாக.