தெளிவும் உண்மையும்

1990 ஓகஸ்டில் இராணுவம் மண்டைதீவில் இறங்கியதன் பின், அத்தீவிலே பிடிக்கப்பட்டுக் காணாமற்போனோர் பலர். அவர்தம் உறவினரிடம் எஞ்சியிருப்பது சிலவேளை ஒரேயொரு புகைப்படமே. அடையாள அட்டைக்கென எடுத்ததாகவோ, பாடசாலைக் குழுப்படத்தின் மூலையில் தலைமட்டும் தெரிவதாகவோ அது இருக்கும். உருப்பெருக்கினால் முகம் கலங்கிவிடும். அக்கலக்கத்தைக் கணினியாற் போக்குதல் தகுமா என்பது தொழில்நுட்ப வினாவாகத் தோன்றினும், உண்மையில் அறவியல் வினாவேயாகும்.

படத்தைக் கூர்மையாக்கும் முறை கணினிக்கு முற்பட்டது. இருட்டறையிலே, மூலப்படத்தோடு அதன் மங்கலான பிரதியொன்றைப் பொருத்தி விளிம்புகளை எடுப்பாக்கினர். கணினியும் விளிம்பின் ஒருபுறத்தைக் கருமையாக்கி மறுபுறத்தை வெளிறச் செய்கிறது, அவ்வளவே. பிறர் முகத்திலிருந்து எதுவும் கடன்பெறப்படுவதில்லை. இதனைக் குறைகூற இடமில்லை.

அண்மைக்கால மென்பொருள்கள் வேறு. அவை எண்ணிறந்த பிறர் முகங்களைப் பயின்று, கலங்கிய இடத்தில் இருந்திருக்கக்கூடியதை வரைகின்றன. 2020இல், டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'பல்ஸ்' என்னும் கருவிக்குப் பராக் ஒபாமாவின் மங்கலான படம் கொடுக்கப்பட்டபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தைத் தெளிவாகத் தந்தது. ஒபாமாவை உலகறியும், பிழை உடனே புலப்பட்டது. மண்டைதீவு இளைஞனொருவனை அறிந்தோர் எத்தனைபேர்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மங்கிவரும் தாயின் நினைவையே அக்கூரிய படம் மாற்றிவிடவுங் கூடும்.

மகனின் கண்களைத் தெளிவாகக் காண விழையும் தாயை மறுக்க எவருக்கு உரிமையுண்டு என்று கேட்கலாம். நேர்மையான கேள்வியே. முன்னாளிற் படப்பிடிப்பு நிலையத்தார் பென்சிலாற் புருவந் திருத்திக் கொடுத்தனர்; அது கைவேலை என்பதை வீட்டார் அறிந்திருந்தனர். இன்றைய கருவியோ தன் கையை மறைத்துக்கொள்கிறது.

மேலும், காணாமலாக்கப்பட்டோரின் படத்துக்கு மாலையிடத் தாய்மார் பலர் உடன்படுவதில்லை. மாலை இறப்பை ஒப்புக்கொள்வதாகும். அப்படம் ஆணைக்குழுவிடம் கையளிக்கப்படுவது, வீதியில் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கப்படுவது. இவன் இருந்தான், எங்கே என வினவுவது. அதில் ஒரு புருவம் கற்பனையெனத் தெரியவரின், மறுப்போருக்கு அதுவே போதும். ஆகவே தாய்க்கு வரைந்து கொடுப்பதாயின், வரைந்தது என்று சொல்லியே கொடுத்தல் வேண்டும். முறைப்பாட்டோடு செல்வது மூலப்படமாகவே இருத்தல் வேண்டும். கலக்கம் எப்போதும் பழுதன்று. குழுப்படத்திற் பிறர் அசையாது நிற்க, ஒருவன் மாத்திரம் அக்கணத்தில் யாரையோ திரும்பிப் பார்த்திருக்கலாம்.