எதற்கும் இருக்கட்டும்

ஆயுத பூசையை அடுத்து வந்த ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் தயங்கியவாறு என்னிடம் வந்தார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் இயக்குபவர். "சாமி, கம்பெனியில் பூசை போட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் கொடுத்த பொரி கடலையை வாங்கித் தின்றேன். பாவமா?" என்று கேட்டார்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஒரே கூரையின்கீழ் உழைக்கும் நம் எல்லைப் பகுதிக்கு இவ்வினா புதிதன்று. அந்நாளில் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. வாசலில் பூசணிக்காய் உடைக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் தோளோடு தோள் நின்று உழைத்தவர் அன்போடு நீட்டும் கையைத் தட்டிவிடுவதா?

கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கும் இதே சிக்கல் எழுந்தது. விருந்துக்கு அழைத்தவர் பரிமாறுவதைக் கேள்வி எழுப்பாது உண்ணலாம் என்றார் புனித பவுல். ஆனால், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவரது மனச்சான்றை முன்னிட்டு விலகிக்கொள்ளுமாறும் அறிவுறுத்தினார். ஆண்டவருடைய பந்தியிலும் பிற பலிப்பந்தியிலும் ஒருசேரப் பங்குகொள்ள இயலாது என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். உணவு அன்று, வழிபாடே அவருக்குக் கேள்வி. "தம்பி, நட்புக்காக உண்டதில் பாவமில்லை. வழிபாட்டின் பங்காகத் தருகிறார்கள் என்றால் பணிவோடு மறுத்துவிடு" என்றேன்.

அவர் போகவில்லை. மெல்லச் சட்டைக் கையை உயர்த்தினார். கழுத்தில் செபமாலை, மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. அருகிலிருந்த இயந்திரத்தில் ஒருவருக்கு விரல் போனதிலிருந்து உறக்கம் வரவில்லையாம். "எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டேன், சாமி" என்றார்.

அன்பர்களே, நம் பற்றுறுதியின் உண்மையான சோதனை பொரியில் இல்லை. இந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. அன்பினால் அயலாரோடு அமர்வது வேறு. அச்சத்தினால் இன்னொன்றின்முன் பணிவது வேறு. முன்னது உறவு. பின்னது, கடவுள் ஒருவர் போதாது என்று சொல்லாமல் சொல்வது.

"எல்லாரையும் கும்பிடுவது பெருந்தன்மை அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று அறிக்கையிட்டது. அம்மதிப்பிலிருந்து நாம் பின்வாங்கக் கூடாது. தன் தாயைப் போற்றுபவன் பிறருடைய தாயரை இகழ மாட்டான். ஆயினும் அவனுக்குத் தாய் ஒருத்தியே. இந்துச் சகோதரர் நம்பிக்கையோடு செய்வது அவருக்கு வழிபாடு. நாம் நம்பாமல், காப்பீடு போல அதைச் செய்தால், அவருடைய வழிபாட்டையும் மதிக்கவில்லை. நம் ஆண்டவரையும் நம்பவில்லை.

திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்டன் இழப்புகளால் மனமுடைந்திருந்தபோது, தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். இழப்பே வராது என்று அவ்வரலாறு உறுதி கூறவில்லை; இழப்பின் நடுவிலும் இறைவனைப் பற்றிக்கொள்ளலாம் என்றே காட்டியது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டனர். கடவுளே உதவி என்பது அதன் பொருள். அந்த உதவி அவரைச் சிறையிலிருந்தும் துன்பத்திலிருந்தும் காக்கவில்லை. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் அல்லர், துறவியும் அல்லர். நம்மைப் போல் குடும்பத்தில் வாழ்ந்தவர். "எதற்கும் இருக்கட்டும்" என்று பழைய வழிபாட்டில் ஒரு காலை வைத்திருந்தால் அவர் உயிர் பிழைத்திருக்கலாம்.

இதை எழுதும்போது என் மனச்சான்றும் என்னைக் குத்துகிறது. வெள்ளிக்கிழமை புதுவீடு மந்திரிக்க அழைப்பவர்கள், "பத்தரைக்குள் வந்துவிடுங்கள், சாமி" என்பார்கள். அது இராகு காலத்தை ஒதுக்கத்தான் என்று எனக்குத் தெரியும். தெரியாதவன் போல் பத்து மணிக்கே சென்று தீர்த்தம் தெளித்திருக்கிறேன். மனம் நோகுமே என்ற தயக்கம். ஆக, என்னிடமும் ஒரு கறுப்புக் கயிறு இருந்திருக்கிறது.

அவ்விளைஞரின் கயிற்றை நான் அறுக்கவில்லை. இயந்திரத்தில் கைத்தடுப்பு சரியாக உள்ளதா என்று கேட்டேன். எண்ணிக்கை கூட வேண்டுமென்று சில வேளைகளில் அதைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். "முதலில் அதை மாட்டு. கடவுள் தந்த அறிவைப் பயன்படுத்துவதும் அவரை நம்புவதுதான். பிறகு செபி. அதன்பின் இந்தக் கயிறு தேவையா என்று நீயே முடிவு செய்" என்றேன். அச்சம் அவிழாமல் கயிற்றை மட்டும் அறுத்தால், அது வேறு வடிவில் திரும்பி வரும். செபமாலையையே கயிறாக்கிக்கொள்ளவும் நம்மால் முடியும்.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தால், பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். ஏன் என்று கேட்பார்கள். அமர்ந்து பேசுவோம்.