நம் பள்ளி வாயிலில் நிற்பவர் யார்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையிலிருந்து விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை அது. அந்த 61 நாள்களும் காசிமேட்டில் படகுகள் ஓய்வெடுக்கும்; படகில் கூலிக்குச் செல்வோர் வீட்டில் அடுப்பும் பாதி ஓய்வெடுக்கும். பள்ளிகளில் சேர்க்கை நடப்பதும் கட்டணம் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அதே நாள்களில்தான். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள கடலோரப் பங்குகளில் பணியாற்றும் குருக்களாகிய நாம் ஆண்டுதோறும் காணும் நிலை இது.

அத்தகைய ஒரு மே மாதத்தில் ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனைக் கத்தோலிக்க ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் வேண்டினார். கொடுத்தோம். மறுநாள் அக்கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "தடைக்காலம் முடிஞ்சதும் கட்டிடறேன்னு சொன்னேன் ஃபாதர். அதுவரைக்கும் சீட்டை வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பழகிப்போன களைப்பு மட்டுமே இருந்தது. அப்பள்ளியைக் குறைகூற நாம் வாயெடுக்குமுன் நம் மனச்சான்று நம்மையே கேட்டது. ஆலயத்திற்கு அருகிலேயே, அரசு உதவியுடன் நாம் நடத்தும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் பாதி இருக்கைகள் காலியாக உள்ளனவே. அங்கே சேருங்கள் என்று சொல்ல நமக்கு ஏன் தோன்றவில்லை? அதை நடத்தும் நாமே அதை நம்பவில்லையா?

ஒரே ஆண்டு, இரு திசைகள்

அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளிகள்' பற்றிய விவாதம் நெடுநாளாக நடைபெற்று வருகிறது. அரசின் பணத்தில், தன்னுரிமை பெற்ற தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளிகள் அவை. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது. பெற்றோர் தேர்ந்தெடுக்கும் உரிமை பெறுகின்றனர் என்பர் ஆதரிப்போர். பணமும் பிள்ளைகளும் அங்கே சென்றுவிட, எஞ்சிய பொதுப் பள்ளிகள் நலிகின்றன என்பர் எதிர்ப்போர்.

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை மானிய முறைக்கு வழிவகுத்தது. அது முதல் அரசு பொருளுதவி தர, திருச்சபை பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. படகோட்டிகள், ஆலைத் தொழிலாளர், துறைமுகச் சுமைக் கூலிகள் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முதலாக எழுத்தறிந்தது இத்தகைய பள்ளிகளில்தான். ஆனால் மின்னசோட்டா ஒரு கதவைத் திறந்த அதே காலத்தில் தமிழகம் ஒரு கதவை அடைத்தது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் இல்லை என்று சட்டமாயிற்று. ஆசிரியர் ஊதியத்தை இனி எங்கிருந்து பெறுவது? கட்டணத்திலிருந்துதான். ஆகவே பேராசையே சுயநிதிப் பள்ளிகளை உருவாக்கியது என்பது நேர்மையான தீர்ப்பு ஆகாது. ஆங்கிலம் வேண்டும் என்ற ஏழைத் தாயின் விருப்பமும் பழிக்கத்தக்கதன்று.

சட்டம் தந்த விலக்கு

எனினும் நம்மை உறுத்தவேண்டிய ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்குக் கட்டணமின்றி அளிக்கவேண்டும் என்கிறது. 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தரும் உரிமை காக்கப்பட்டது என மகிழ்ந்தோம். 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியபோது கலங்கினோம்.

அவ்வுரிமை மதிப்புமிக்கது, அதைக் காப்பது நம் கடமை. ஆனால் எதற்காகக் காக்கிறோம்? நம் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமை, நம் விருப்பப்படி ஏழையைத் திருப்பி அனுப்பும் உரிமையாக ஆகிவிடலாமா? சட்டம் விலக்கு அளித்த இடத்தில் நற்செய்தியும் விலக்கு அளித்துவிட்டதா? பொன்மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கையும், கந்தல் உடுத்தியவருக்குக் கால்மாட்டில் இடமும் தருவோரைப் புனித யாக்கோபு கடிந்துகொண்டது தொழுகைக் கூடத்தை மனத்தில் வைத்து. நம் சேர்க்கை அறைகளுக்கும் அது பொருந்தும். கத்தோலிக்கப் பள்ளி வசதியுள்ளோரை மட்டுமே நாடுமானால் அநீதியான சமுதாயத்திற்கே துணைபோகும் என்று கத்தோலிக்கக் கல்விக்கான திருப்பேராயம் 1977இலேயே எச்சரித்துள்ளது.

அரசிடம் நாம் நீதி கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதல் தரப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவருக்கு மட்டும் என வகுக்கப்பட்டபோது, அதே ஏழ்மையில் உழலும் உதவிபெறும் பள்ளி மாணவர் விடுபட்டனர். காலை உணவுத் திட்டம் நகர்ப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தது. அதன் தொடக்க விழாவும் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நடைபெற்றது. நம் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளாக எண்ணுங்கள் என்று அரசிடம் கேட்கும் நாம், தெருவில் உள்ள பிள்ளைகளை நம் பிள்ளைகளாக எண்ணவேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

சட்டம் கட்டாயப்படுத்துமுன் நாமே நாலில் ஓர் இடத்தை நலிந்தோருக்கு ஒதுக்கலாம். அதனால் வரும் பற்றாக்குறையைப் பள்ளி மட்டுமே சுமக்கவேண்டியதில்லை. ஆலயத் திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பகுதியைப் பங்குப் பேரவை மனமுவந்து இதற்கெனத் தரலாம். கடலோரக் குடும்பங்களுக்குக் கட்டணத் தவணை ஜூன் 14க்குப் பின் தொடங்கலாம். நம் தமிழ்வழிப் பள்ளியை மூடப்போகும் கடை போல நடத்தாமல், நல்ல ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரை அங்கும் அமர்த்தலாம்.

பொதுப் பள்ளிகளையும் நாம் மறக்கலாகாது. அந்தத் தாயின் மகன் அவ்வாண்டு மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே எவரும் அவனிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. தடைக்காலம் முடிந்ததா என்றும் கேட்கவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து அவன் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். பெயர்ப்பலகையில் புனிதரின் பெயர் இல்லாத அப்பள்ளி, நாம் செய்யத் தவறியதைச் செய்தது. அதற்கு ஒரு நல்ல நூலகம் அமையவும், மழையில் ஒழுகும் கூரை சீராகவும் குரல் கொடுப்பது பங்கு மக்களாகிய நம் கடமையே. நன்றிக்கடன் என்றும் அதைச் சொல்லலாம்.

மீண்டும் மே மாதம் வரும். படகுகள் கரையேறியிருக்கும். மற்றொரு தாய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நம் வாயிலில் வந்து நிற்பார். அவருக்கு நாம் என்ன மறுமொழி சொல்லப்போகிறோம் என்பதை இன்றே கூடி முடிவு செய்வோம்.