பெயரை மறைப்பது பொய்யா?

ரொபர்ட் நொக்ஸ், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் கையில் 1660 முதல் 1679 வரை கைதியாகக் கிடந்த ஆங்கிலேயர். தனக்கெதிரான 1664 கலகத்துக்குப் பிறகு அந்த அரசன் வந்து குடியிருந்தது எங்கள் ஹேவாஹெட்டப் பகுதியில்தான், ஹங்குரான்கெத்தைப் பக்கம். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், வியாபாரத்தைச் சாட்டி ஊர் ஊராய்த் திரிந்து வடக்கே போகும் வழியைப் பார்த்து வைத்தார், அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். கப்பலேறிய பிறகுதான் எழுதினார். 1681இல் லண்டனில் புத்தகமாக வந்தது. கண்டி இராச்சியத்தின் அன்றாட வாழ்வை அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். கொடுங்கோலனிடம் பொய் சொன்னதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அதே பொய்யை அவருக்கு இடம் கொடுத்த அக்கம்பக்கத்தாரும் நம்பியிருந்தார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

எனக்கும் அப்படி ஒரு சிக்கல் வந்தது. எண்பதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவனை ஆய்வுக்காகத் தேயிலைத் தோட்ட லயங்களுக்குக் கூட்டிப்போனேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று வருஷத்துக்கு என்று வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. தெரிந்ததைப் பொலிசுக்குச் சொல்லாமல் இருப்பதும் அதில் குற்றம். அப்படியென்றால் ஆய்வாளனின் கொப்பியே ஒரு குற்றம்தான்! தீங்கில்லாத நன்மை வருமானால் பொய்யும் வாய்மைதான் என்றார் வள்ளுவர். அது வாய்க்குச் சரி. யாரிடம் பேசுகிறோம் என்று வாய்க்குத் தெரியும். கொப்பியோ எவன் திறந்தாலும் அவனிடம் பேசிவிடும்.

இஸ்தோப்பில் வெற்றிலை மடித்துக்கொண்டே ஒரு கிழவி 83 கலவரத்தைச் சொன்னாள். தேயிலைச் செடிகளுக்கடியில் இரவெல்லாம் படுத்திருந்தாளாம். கைப்பிள்ளை அழுதுவிடாதபடி வாயில் முலையைத் திணித்தே வைத்திருந்தாளாம்.

பையன் எழுதிக் காட்டினான். பெயர் வேறு, தோட்டம் வேறு. அதுகூடப் பரவாயில்லை, மாற்றியிருக்கிறோம் என்று முன்னுரையில் சொன்னால் வாசிப்பவன் ஏமாறமாட்டான். ஆனால் கிழவியை ஆணாக்கியிருந்தான். பால் கொடுத்தது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதாக மாறியிருந்தது.

"பொம்பளைன்னு போட்டா ஆளப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் சேர்?" என்றான்.

நியாயமான கேள்வி. ஆனாலும் எழுத முடியாததை விட்டுவிட ஆய்வாளனுக்கு உரிமையுண்டு, வேறொன்றாக எழுத இல்லை என்றேன். மாட்டிக்கொண்டால் அடிபடப்போவது அவளாயிற்றே, எங்கள் இருவர் பேச்சில் முடிகிற காரியமா? திரும்பப் போய் அவளிடமே கேட்டோம்.

"பொம்பளையாவே போடு தம்பி. ஆம்பளைக்கு என்னா தெரியும் அது? பேரு மட்டும் வேணாம்."

ஆய்வேட்டில் தோட்டத்தின் பெயரும் போகவில்லை.